பித்தளைத் தகட்டில் விட்ட இடம்

என் கம்பெனிப் பம்பு இன்று கடல் தாண்டிப் பல நாடுகளில் தண்ணீர் இறைக்கிறது. அதைச் செய்தவன் ஐந்தாம் வகுப்பைத் தாண்டாதவன். வெட்கப்பட்டுச் சொல்லவில்லை, மார்தட்டித்தான் சொல்கிறேன். பிறர் பட்டறை மூலையில் உட்கார்ந்து, பம்புகளின் பெயர்த்தகட்டில் எழுத்து அடிப்பதுதான் என் முதல் வேலை. முனையில் எழுத்து வெட்டிய இரும்பு உளிக்குப் பஞ்சு என்று பெயர், அதைத் தகட்டில் நிறுத்தி வைத்துச் சுத்தியலால் ஒரே போடு. இரண்டாவது அடி விழுந்தால் எழுத்து இரட்டையாகித் தகடு பாழ். நான் பாழாக்கிய தகடு என்று ஒன்றை இன்றுவரை யாரும் காட்டியதில்லை. பஞ்சின் முனையில் எழுத்து திரும்பி இருக்கும். நான் இங்கிலீஷ் எழுத்தைக் கற்றதே அப்படித்தான், இடவல மாறி. பிற்பாடு கடைப் பலகைகளில் அதே எழுத்துகளை நேராகப் பார்த்தபோது, பலகை எழுதியவன்தான் தப்புப் பண்ணிவிட்டான் என்று நினைத்தேன்.

இது என் கதை அல்ல. என் தம்பி மனைவியின் கதை. ஸ்பானிஷ் பேசுகிற நாடுகளில் என் பம்பு நன்றாக ஓடுகிறது என்றால் பாதிப் பெருமை அவளுக்கு. மீதிப் பாதியை நான் விட்டுக்கொடுக்க மாட்டேன்.

முதலில் தம்பியைச் சொல்ல வேண்டும். அவன் ஃபிட்டர். சின்ன வயதிலேயே கண் மங்கல். கண்ணாடிச் சில்லு புட்டியின் அடிபோலத் தடித்துப் போய், தெருவே அவனை சோடாபுட்டி என்றுதான் கூப்பிட்டது. கண்ணாடியைக் கழற்றினால் கை நீட்டும் தூரத்தில் நிற்பது நானா கதவா என்று தெரியாது. ஒருமுறை கதவிடம், "அண்ணே, காசு குடு," என்று கேட்டான். அதனால் கண்ணாடிக்கு ஒரு எலாஸ்டிக் நாடா போட்டுப் பின்மண்டையோடு கட்டியிருப்பான். தூங்கும்போதும் குளிக்கும்போதும் மட்டும்தான் அது இறங்கும். ஆனால் நீச்சலில் அவனை அடிக்க ஆள் கிடையாது. எனக்கு அந்த வித்தை வரவில்லை. எனக்கு வராதது அது ஒன்றுதான்.

கல்யாணமான கையோடு, ஸ்பானிஷ் பேசுகிற ஒரு துறைமுகத்தில் கப்பல் பழுதுபார்க்கும் வேலை கிடைத்து, மனைவியையும் கூட்டிக்கொண்டு போனான். அவள் பள்ளியில் படித்த இங்கிலீஷோடு போய் இறங்கியவள். வீட்டில் சும்மா இருக்கப் பிடிக்காமல் துறைமுகத்தை ஒட்டிய இரும்புச் சாமான் கடையில் வேலைக்குச் சேர்ந்தாள். அங்கேதான் அந்தப் பாஷை அவளுக்கு வந்தது. வந்தது வாயால் அல்ல, கையால். வாடிக்கையாளன் ஏதோ சொல்வான், இவள் ஒரு சாமானை எடுத்துத் தூக்கிக் காட்டுவாள், அவன் தலையை ஆட்டுவான், இவள் அடுத்ததை எடுப்பாள். அவன் முகம் மலர்கிறபோது கையில் எது இருக்கிறதோ, அதற்கு அவன் சொன்னதுதான் பெயர். இப்படி ஆணி முதல் நங்கூரச் சங்கிலி வரை கற்றுக்கொண்டாள். நிலா, காதல், ஆத்மா இதற்கெல்லாம் ஸ்பானிஷில் என்ன என்று கேட்டால் முழிப்பாள்.

பிறகு அவள் அப்பா படுத்த படுக்கையானதால் அவள் திரும்பி வர வேண்டியதாயிற்று. தம்பி அந்தத் துறைமுகத்துக் கம்பெனியின் கப்பலிலேயே ஏறிவிட்டான். வருஷத்துக்கு ஒருமுறை வருவான். குழந்தை இல்லை. அப்பாவும் போன பிறகு அவள் தனியாக இருந்தாள்.

அந்தச் சமயத்தில்தான் எனக்கு ஸ்பானிஷ் நாடுகளிலிருந்து ஆர்டர் வரத் தொடங்கியது. பம்போடு ஒரு செய்முறைப் புத்தகம் போக வேண்டும். இங்கிலீஷில் இருந்ததை கம்ப்யூட்டரில் கொடுத்து ஒரே மூச்சில் மாற்றி அச்சடித்து அனுப்பிவிட்டேன். சில வாரத்தில் வாங்கியவரிடமிருந்து படம் வந்தது. ஒரு விவசாயி என் பெட்ரோல் பம்பைத் தலைகீழாகக் கவிழ்த்து, அடியில் கரண்ட் ஒயர் மாட்டுகிற ஓட்டையைத் தேடிக்கொண்டிருந்தார்.

புத்தகத்தை எடுத்துக்கொண்டு தம்பி மனைவியிடம் போனேன். அவள் வாசித்துவிட்டு வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

"பெரியத்தான், உங்க பம்புல எத்தன பிளக் இருக்கு?"

"அடியில தண்ணி வடிக்க ஒண்ணு. இஞ்சின்ல நெருப்பு தட்ட ஒண்ணு. விளக்கு மாடல்ல கரண்டுக்கு ஒண்ணு."

"இங்கிலீஷ்காரனுக்கு மூணும் பிளக்கு. அங்க மூணும் வேற வேற. வடிக்கிறது தப்போன். நெருப்பு தட்டறது புஹியா. கரண்டுக்குன்னா என்சூஃபே. இதுல எல்லாத்துக்கும் என்சூஃபேன்னு போட்டிருக்கு. பாவம் அந்த மனுசன், தேடாம என்ன பண்ணுவாரு?"

"சரி, ஒக்காந்து மாத்திக் குடு."

"இங்க ஒக்காந்தா எப்படி? சாமானக் காட்டுங்க."

மறுநாளே பட்டறைக்கு வந்துவிட்டாள். அவளை வேலைக்கு வைத்தது என் வாழ்க்கையில் நான் எடுத்த நல்ல முடிவுகளில் ஒன்று. நான் எடுத்தவை பெரும்பாலும் நல்லவைதான்.

அசெம்ப்ளி ஹாலின் கோடியில், ஜன்னலோரம் அவளுக்கு ஒரு மேஜை போட்டேன். மேஜைமேல் பேப்பர், பென்சில், ஒரு தகரத் தட்டு. இங்கிலீஷ் வாக்கியத்தில் இரண்டு அர்த்தம் வரக்கூடிய ஒரு சொல் வந்தால் எழுந்துவிடுவாள். "இதக் காட்டுங்க." சாமான் அவள் தட்டுக்கு வந்தாக வேண்டும். உள்ளங்கையில் வைத்து உருட்டுவாள், கட்டைவிரலால் ஓரத்தைத் தடவுவாள், எதற்குள் எது போகிறது என்று மாட்டிப் பார்ப்பாள். அதன் பிறகுதான் பென்சில். சாமான் வர நேரமானால் அந்தச் சொல்லுக்கு இடம் விட்டுவிட்டு மேலே போவாள். சாயங்காலம் அவள் தாளைப் பார்த்தால் பல் விழுந்த வாய் மாதிரி இருக்கும். ஊகத்தில் ஒரு சொல்லைப் போட்டு ஓட்டையை அடைக்கச் சொன்னால் கேட்கவே மாட்டாள்.

பட்டறையில் அவளுக்குப் பெயரே காட்டுங்கக்கா என்று ஆகிவிட்டது. ஒருநாள் இங்கிலீஷில் 'கீ' என்று வந்தது. ஃபோர்மேன் தன் வீட்டுச் சாவிக்கொத்தை எடுத்துக்கொண்டு போய் அவள் தட்டில் போட்டான்.

"இந்தாங்க காட்டுங்கக்கா, கீ கேட்டீங்களாமே."

"இது யாவே. பூட்டத் திறக்கிறது. ஷாஃப்ட்டுல சொருவுற கட்டைய எடுத்துட்டு வாங்க. அது சவேத்தா. உங்க வீட்டுச் சாவிய ஷாஃப்ட்டுல சொருவினா பம்பும் ஓடாது, ராத்திரி உங்க வீட்டம்மா கதவும் திறக்க மாட்டாங்க."

ஹாலே சிரித்தது. ஃபோர்மேன் அன்றிலிருந்து அவளுக்கு அடிமை. எது புதிதாக வார்ப்பாகி வந்தாலும் முதலில் அவள் தட்டுக்குத்தான் கொண்டுபோவான்.

தம்பி லீவில் வரும்போதெல்லாம் அவள் மேஜைப் பக்கம் ஒரு ஸ்டூலைப் போட்டு உட்கார்ந்துகொள்வான். அவள் தட்டிலிருப்பதை எடுத்துக் கண்ணாடிக்குப் பக்கத்தில் பிடித்துப் பார்த்து, "அண்ணே, இந்த வால்வுல பிசிறு இருக்கு," என்பான். என் வால்வில் பிசிறு இருக்காது. வம்புக்குச் சொல்வான்.

கடைசியாக அவன் போன பயணத்தில், கப்பல் ஒரு கரைக்கு வெளியே நங்கூரம் போட்டு முறைக்காகக் காத்திருந்திருக்கிறது. கரை விளக்குகள் தெரியும் தூரம். சுற்றிலும் மீன்பிடி படகுகள். காலையில் வேலைக்கு ஆள் எண்ணியபோது என் தம்பி இல்லை. யாரும் விழுந்ததைப் பார்க்கவில்லை, சத்தமும் கேட்கவில்லை. தேடினார்கள். கிடைக்கவில்லை.

கம்பெனி ஏஜெண்ட் வந்து இங்கிலீஷில் இருந்த செய்தியை வாசித்துக் காட்டினார். லாஸ்ட் அட் ஸீ என்று அதில் இருந்தது. தம்பி மனைவி அழவில்லை. ஏஜெண்டைப் பார்த்து, "லாஸ்ட்னா?" என்று கேட்டாள்.

அவர் தரையைப் பார்த்தார். "அப்படித்தாம்மா எழுதியிருக்காங்க."

"அவருக்கு நல்லா நீந்த வரும் சார். கரை வெளிச்சம் தெரியுதுன்னு நீங்கதான சொல்றீங்க. படகும் இருந்திருக்கு. யாராவது தூக்கிப் போட்டுட்டுப் போயிருப்பாங்க. பாஷை தெரிஞ்சவர்தான், விசாரிச்சு வந்துருவாரு."

அந்த ஒரு வாரம் பட்டறையை மூடி வைத்தேன். நான் பட்டறையை மூடியது அதற்கு முன்பும் இல்லை, பின்பும் இல்லை. திறந்த அன்று காலையில் எனக்கு முன்னால் அவள் மேஜையில் உட்கார்ந்திருந்தாள். அன்றும் சாமான் கேட்டாள், காட்டினார்கள், எழுதினாள். வீட்டில் அவன் சட்டைகளைத் துவைத்து, தேய்த்து, அலமாரியில் பழையபடி அடுக்கி வைத்தாள். சட்டைப் பொத்தான் ஒன்று தளர்ந்திருந்தது என்று அதைப் பிரித்துத் திரும்பத் தைத்தாள்.

பிறகு கம்பெனியிடமிருந்து இன்னொரு செய்தி வந்தது. தம்பி முதலில் வேலைக்குப் போன ஸ்பானிஷ் துறைமுகத்தில், மாலுமிகள் கூடும் மண்டபத்தில் ஒரு சுவர் இருக்கிறது. கடலில் போன தங்கள் ஆட்களுக்கு அதில் தகடு பதிப்பார்கள். என் தம்பிக்கும் ஒன்று வைக்கிறோம், நாங்களே அடித்துக்கொள்கிறோம், சம்மதம் சொன்னால் போதும் என்றார்கள்.

எனக்குச் சுருக்கென்றது. "என் தம்பிக்கு எவனோ தகடு அடிக்கிறதா? நான் எதுக்கு இருக்கேன்?" என்று ஏஜெண்டிடம் கத்தினேன். நானே பித்தளை உருக்கி வார்த்தேன். நானே தேய்த்தேன். முகம் பார்க்கும் அளவுக்கு மெருகு ஏற்றினேன். ஃபோர்மேன் கை வைக்க வந்தபோது தட்டிவிட்டேன். எழுத்து அடிக்கிற பஞ்சுகளில் என் பழைய செட்டை எடுத்து எண்ணெய் போட்டுத் துடைத்தேன். பிறகு அவள் மேஜைக்குப் போனேன்.

"ஸ்பானிஷ்ல என்ன வரணும்னு எழுதிக் குடும்மா."

அவள் பேப்பரை இழுத்து அவன் பெயரை எழுதினாள். அடுத்த வரியில் ஃபிட்டர் என்பதற்கு ஒரு சொல். "சட்டை அளவு பாக்கிறவனும் இங்கிலீஷ்ல ஃபிட்டர்தான். இவருக்கு அஹுஸ்தாதோர்," என்றாள், ஒரு நொடிகூட யோசிக்காமல். அவன் வேலையைத்தான் அவள் கிட்ட இருந்து பார்த்தவளாயிற்றே. மூன்றாவது வரியின் கடைசியில் 'என் எல் மார்' என்று எழுதினாள். கடலில் என்று அர்த்தம். அதற்கு முன்னால் இடம் விட்டாள். பென்சிலைக் கீழே வைத்தாள்.

"லாஸ்ட்டுக்கு என்ன?"

"அங்க அதுக்கு ஒரே சொல்லுன்னு இல்ல பெரியத்தான். கடையில ஆணி தொலைஞ்சா, சாவி தொலைஞ்சா பெர்தீதோம்பாங்க. ஆளக் காணோம், எங்கன்னு தெரியலன்னா தெஸாபரெஸீதோ. அது கொஞ்சம் நீளமான சொல்லு." நிறுத்தினாள். "செத்துட்டா ஃபயெஸீதோ."

"இதுல எதும்மா?"

"அவரக் காட்டுங்க. சொல்றேன்."

பேப்பரை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டேன். எதிரே ஒரு கம்பெனிக்காரன் உட்கார்ந்து பேரம் பேசினால் நான் பாதியில் எழுந்து போனதில்லை. அன்று போனேன்.

ஆனால் நான் விடுகிற ஆளும் இல்லை. சுவரில் பதிக்கும் நாளை ஏஜெண்ட் தள்ளித் தள்ளிப் போட்டுக்கொண்டிருந்தார். பார்க்கிறவர்களெல்லாம் என்னைக் கேட்டார்கள், தம்பி விஷயம் என்ன ஆச்சு என்று. சொந்தக்காரர்கள் அவளைப் பார்க்கும்போது என்ன முகம் வைத்துக்கொள்வது என்று தெரியாமல் திண்டாடினார்கள். துக்கம் கேட்பதா, எப்போ வர்றார் என்று கேட்பதா? அவள் இப்படியே சட்டை தேய்த்துக்கொண்டு கிழவியாகிவிடுவாளோ என்று எனக்குப் பயம். போன ஆளைப் போனான் என்று ஒருமுறை சொல்லிவிட்டால் அழுது முடித்துவிடுவாள், பிறகு அவளுக்கும் ஒரு வழி பிறக்கும் என்று நினைத்தேன்.

ஒருநாள் டீ நேரத்தில் அவள் எதிரே போய் உட்கார்ந்தேன்.

"ஃபயெஸீதோன்னே அடிச்சிடறேம்மா. எத்தன நாளைக்கு இப்படி?"

"நீங்க பாத்தீங்களா?"

"கம்பெனிக்காரன் சொல்றான்ல?"

"அவன் பாத்தானா?"

"யாரும் பாக்கலம்மா. ராத்திரிக் கடல்ல யாரு பாப்பா?"

"அப்பறம் எந்தக் கையில வெச்சுக்கிட்டு எழுதறது? ஒரு பிளக்குக்கு நான் ஊகத்துல எழுதினதில்ல. இவரு என்ன பிளக்க விடக் கொறஞ்சவரா?"

டீ கிளாஸை எடுத்துக்கொண்டு அவள் எழுந்து போய்விட்டாள். ஃபோர்மேன் தூரத்திலிருந்து என்னைப் பார்த்துத் தலையை ஆட்டினான். "விட்டுருங்க மொதலாளி. காட்டுங்கக்கா கிட்ட சாமான் இல்லாமப் பேசி ஜெயிக்க முடியுமா?"

நான் தகட்டில் பெயரை அடித்தேன். தொழிலை அடித்தேன். மூன்றாவது வரியில் இடம் விட்டு, வலது கோடியில் 'என் எல் மார்' அடித்தேன். துணியில் சுற்றி என் அறை அலமாரியில் வைத்தேன்.

மழைக்காலம் போய் வெயில் வந்தது. அந்தக் கப்பல் சுற்றெல்லாம் முடித்துத் தன் துறைமுகத்துக்குத் திரும்பி, தம்பியின் சாமான்களைக் கம்பெனி கட்டி அனுப்பியது. ஏஜெண்ட் பையை பட்டறைக்கே கொண்டுவந்தார். வீட்டுக்குக் கொண்டுபோகலாம் என்றேன். அவள் வேண்டாம், மேஜையில் வையுங்கள் என்றாள்.

மெஷின்களை நிறுத்தும்படி யாரும் சொல்லவில்லை. ஒவ்வொன்றாக நின்றன.

அவள் ஒவ்வொரு பொருளாக எடுத்தாள். இரண்டு சட்டை. ஸ்பேனர் செட், என் பட்டறையில் செய்தது. சவரக் கத்தி. அவள் படம். பூட்ஸ். எல்லாவற்றையும் பார்த்துப் பார்த்து மேஜையில் அடுக்கினாள். அதுவரை அவள் முகத்தில் ஒரு தைரியம்கூட இருந்தது. பையின் அடியில் ஒரு பிளாஸ்டிக் உறை. பிரித்துத் தகரத் தட்டில் கவிழ்த்தாள். தம்பியின் கண்ணாடி. ஒரு பக்கக் காது ஒடிந்திருந்தது. எலாஸ்டிக் நாடா அறுந்து பிசிறாகத் தொங்கியது. ஒரு சில்லில் பச்சைப் பெயிண்ட் ஒட்டியிருந்தது.

"இது எங்க கெடச்சது?" என்று கேட்டாள்.

ஏஜெண்ட் உறைமேல் எழுதியிருந்ததைப் படித்தார். "பின்பக்க டெக்ல, கைப்பிடிக் கம்பிக்குக் கீழ சிக்கி இருந்துச்சாம். பெயிண்ட் சுரண்டும்போதுதான் பாத்திருக்காங்க. அவரோடதுதான்னு இதையும் பையில போட்டுட்டாங்க."

அவள் அதை உள்ளங்கையில் எடுத்தாள். எத்தனையோ சாமானை எடுத்தது போலத்தான். கட்டைவிரலால் ஒடிந்த இடத்தைத் தடவினாள். நாடாவின் அறுந்த முனைகளைச் சேர்த்துப் பிடித்துப் பார்த்தாள். பிறகு கண்ணாடியைத் தன் கண்ணுக்கு வைத்து ஜன்னல் பக்கம் பார்த்தாள்.

"பெரியத்தான்," என்றாள். "இது இல்லாம அவருக்குக் கரை எது, கப்பல் எதுன்னு தெரிஞ்சிருக்காது. ரெண்டும் வெளிச்சம்தான். எந்தப் பக்கம்னு நீந்திருப்பாரு?"

கண்ணாடியைத் தட்டில் திரும்ப வைத்தாள்.

"தகட்ட எடுத்துட்டு வாங்க. ஃபயெஸீதோ."

இத்தனை மாதமாக இந்தச் சொல்லைக் கேட்டு அவளை நச்சரித்தவன் நான். சொல்லிவிட்டாள். என் வாயிலிருந்து வந்தது வேறு.

"அவசரம் இல்லம்மா. கண்ணாடி தானா கழண்டு விழுந்திருக்கலாம். படகுக்காரன் எவனாவது..."

"பெரியத்தான். எடுத்துட்டு வாங்க."

கொண்டுவந்தேன். துணியைப் பிரித்துப் பட்டறை மேஜையில் கிடத்தினேன். பஞ்சு செட்டை விரித்தேன். முதல் எழுத்தை எடுத்து, கோடு பார்த்து நிறுத்தினேன். சுத்தியலை ஓங்கினேன். என் கை இறங்கவில்லை. ஆயிரம் ஆயிரமாய் எழுத்து அடித்த கை இது. எந்த எழுத்தும் கோணியதில்லை என்று ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிகிற கை. ஓங்கின இடத்திலேயே நின்றது.

அவள் என் கையிலிருந்து சுத்தியலை வாங்கிக்கொண்டாள். "பஞ்ச நீங்க புடிங்க. நேரா புடிங்க," என்றாள்.

நான் பிடித்தேன். அவள் அடித்தாள். ஒரே அடி. பிறகு அடுத்த எழுத்து. பஞ்சின் முனையில் எழுத்து எனக்குத் திரும்பித் தெரிந்தது, தகட்டில் நேராக விழுந்தது. ஓர் எழுத்தில்கூட இரண்டாவது அடி விழவில்லை. அவளுக்கு யாரும் அதைச் சொல்லித் தரவில்லை. கடைசி எழுத்து முடிந்ததும் சுத்தியலை வைத்துவிட்டு, மேஜையின் விளிம்பைப் பிடித்துக்கொண்டு, அன்றுதான் அழுதாள். அத்தனை பேர் முன்னாலும் வாய்விட்டு அழுதாள். ஃபோர்மேன் மெயின் சுவிட்சைப் போட்டு மெஷின்களை ஓட விட்டான், அவள் சத்தம் அவளுக்கே கேட்காமல் இருக்கட்டும் என்று.

பிறகுதான் தகட்டைப் பார்த்தேன். சொல்லுக்கும் 'என் எல் மார்' என்பதற்கும் நடுவே வெற்றிடம் இருந்தது. வாயால் அவளிடம் ஃபயெஸீதோ, ஃபயெஸீதோ என்று நச்சரித்துக்கொண்டே, நான் இடம் அளந்து விட்டது, ஆளைக் காணோம் என்கிற அந்த நீளமான சொல்லுக்கு.

"மொதலாளி, வேற தகடு வாத்து சரியா அடிச்சிடலாம். இது கோணலா தெரியுது," என்று ஃபோர்மேன் மெல்லச் சொன்னான்.

அவள் முகத்தைத் துடைத்துக்கொண்டு தகட்டைக் குனிந்து பார்த்தாள். அந்த வெற்றிடத்தில் விரலை வைத்து அளந்தாள். எந்தச் சொல்லின் அளவு என்று அவளுக்குப் புரிந்துவிட்டது. என்னை நிமிர்ந்து பார்த்தாள்.

"இதுவே போகட்டும்," என்றாள்.

அதுவே போயிற்று. சுவரில் பதித்துப் படம் அனுப்பினார்கள். மற்றத் தகடுகளெல்லாம் நடு பார்த்து அடித்தவை. என் கையால் வார்த்த தகடு ஒன்றுதான் அதில் ஒழுங்கில்லாமல் இருக்கிறது. அந்தப் படத்தை என் அறையில் மாட்டியிருக்கிறேன். வருகிற வியாபாரிகள் யாராவது இதென்ன என்று கேட்டால், நான் செய்ததிலேயே நல்ல வேலை என்று சொல்வேன்.

அவள் இன்றும் அதே ஜன்னலோரம்தான் உட்கார்ந்திருக்கிறாள். புது மாடலுக்கான புத்தகம் வந்திருக்கிறது. "இதக் காட்டுங்க," என்கிறாள், ஃபோர்மேன் ஓடுகிறான். ஆனால் இப்போது மேஜையில் இரண்டு தட்டு. ஒன்றில் சாமான்கள் வந்து போகும். மற்றொன்றில் அந்தக் கண்ணாடி இருக்கிறது. ஒடிந்த காதை நான் பற்றவைத்துக் கொடுத்தேன். நாடா புதிதாக மாற்றட்டுமா என்றேன். வேண்டாம் என்றாள்.